தேய்ந்த சோப்புத் துண்டும் நோயாளி இருக்கும் வீடும்

குளியலறைத் திண்டின் ஓரத்தில் தேய்ந்து மெலிந்து கிடக்கும் சோப்புத் துண்டைப் பற்றி மருத்துவமனை இதழ் ஒன்று கருத்துரை எழுதுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். மாத்திரை, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய பக்கத்தில் சோப்புத் துண்டுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும், அறுவை முடிந்தும் காய்ச்சல் தணிந்தும் வீடு திரும்பும் நோயாளியை அடுத்த சில வாரங்களுக்குக் காப்பனவற்றுள், உடனிருந்து கவனிப்பவரின் தூய கை முதன்மையானது. கை தூய்மையாக இருக்க வேண்டுமாயின், கை கழுவ வேண்டிய இடத்தில் சோப்பு இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் சோப்பு இல்லாமற்போவதும், வேறோர் இடத்தில் அதே சோப்பு தண்ணீரில் ஊறிக் கரைந்து வீணாவதும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நிகழ்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

காணையிலும் அதனைச் சூழ்ந்த கெடார், மாம்பழப்பட்டு போன்ற ஊர்களிலும் உள்ள வீடுகளின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கழிவறை தோட்டத்தின் கோடியில் இருக்கும். மாட்டுக் கொட்டகை ஒருபுறம், தண்ணீர்த் தொட்டி மற்றொருபுறம். சமையல் ஓரிடம், நோயாளியின் கட்டில் முன்னறையிலோ திண்ணையிலோ. ஆனால் குளிக்கும் சோப்பு பெரும்பாலும் ஒன்றுதான். அதுவும் குளிக்கும் இடத்தில்தான். படுக்கையில் இருக்கும் மாமனாருக்கு மலசல வேலைகளைச் செய்து முடித்த மருமகள், அடுத்த நிமிடமே அவருக்குக் கஞ்சி ஊட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் குளியலறைக்குச் சென்று திரும்ப அவருக்கு நேரமில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடர்கிறார். இதில் அவருடைய அலட்சியம் எதுவுமில்லை. சோப்பு கைக்கு எட்டும் தொலைவில் இல்லை என்பதே குறை.

இந்தக் குறை நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018இல் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. மலம் கழித்த பின் சோப்போ சலவைத்தூளோ கொண்டு கை கழுவும் குடும்பங்கள் 74.1 விழுக்காடு என்று அது தெரிவித்தது. உணவுக்கு முன் அவ்வாறு கழுவும் குடும்பங்களோ 35.8 விழுக்காடுதான். ஊரகப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 25.3 விழுக்காடாகக் குறைகிறது. கழிவறைக்கருகே சோப்பு வைக்கும் பழக்கம் ஓரளவு வந்துவிட்டது. உண்ணும் இடத்துக்கருகே வைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை என்று இவ்வெண்களை நாம் பொருள்கொள்கிறோம்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புதுச் சோப்பு வாங்கி வைக்கலாமே என்று கூறுவது எளிது. மருத்துவச் செலவோடு மல்லாடும் குடும்பத்திடம் அவ்வாறு கூற நமக்கு மனம் வரவில்லை. அதற்குத் தேவையுமில்லை. ஏற்கெனவே வாங்கிய சோப்பின் கடைசிப் பகுதியே அதற்குப் போதும்.

ஒரு சிறு கணக்கு இட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் மாதத்துக்கு மூன்று சோப்புகள் பயன்படுத்துவதாகவும், ஒவ்வொன்றிலும் கடைசி 7 அல்லது 8 கிராம் எறியப்படுவதாகவும் கொள்வோம். ஓராண்டில் 36 துண்டுகள். ஏறக்குறைய 270 கிராம். பணமாகப் பார்த்தால் அது பெருந்தொகையன்று. ஆனால் ஒருமுறை கை கழுவுவதற்குச் செலவாகும் சோப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு கிராம் என்றே கூட்டி வைத்துக்கொண்டாலும், நாம் எறியும் துண்டுகளில் 270 முறை கை கழுவுவதற்கான சோப்பு இருக்கிறது. நோயாளிக்கு உணவூட்டுவதற்கு முன் நாளுக்கு மூன்று வேளை கழுவினால், மூன்று மாதங்களுக்கு அது போதும்.

அந்த மூன்று மாதக் கை கழுவலின் மதிப்பு என்ன? கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 2002-2003ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில பகுதிகளில் உள்ள குடும்பங்களுக்கு வாரந்தோறும் சென்று சோப்பு வழங்கி, கை கழுவும் முறையையும் எடுத்துரைத்தனர். ஓராண்டு கழித்து, சோப்புப் பெறாத பகுதிகளோடு ஒப்பிட்டனர். சோப்புப் பெற்ற வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா 50 விழுக்காடு குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோரிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது. லான்செட் மருத்துவ இதழில் 2005இல் வெளியான இம்முடிவில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு சாராருக்குச் சாதாரணச் சோப்பும் மறுசாராருக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பும் வழங்கப்பட்டிருந்தன. பயனில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. விலையுயர்ந்த சோப்பே காக்கும் என்னும் எண்ணத்தை நாம் விட்டுவிடலாம்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2016இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்கள் சேர்த்த கிருமிநாசினிச் சோப்புகளைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்பதை உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. மருத்துவமனைகளில் பயன்படும் கிருமிநாசினிகளுக்கு அந்த முடிவு பொருந்தாது; வீட்டுக் கை கழுவலுக்கே அது பொருந்தும்.

மீந்த துண்டில் கிருமி இருக்காதா?

நோயாளிகளின் உறவினர்கள் எழுப்பும் முதல் ஐயம் இதுதான். பலரது கைபட்ட பழைய துண்டைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளாதா என்று அவர்கள் தயங்குகின்றனர். பயன்பாட்டில் உள்ள சோப்பின் மேற்பரப்பில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பது உண்மை. அவை கழுவுபவரின் கையில் தங்குகின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் நடத்தி 1988இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், வழக்கமாகப் பயன்படுத்திய சோப்பில் காணப்படுவதைப் போல் பல மடங்கு கிருமிகளை வேண்டுமென்றே சோப்புக் கட்டிகளில் ஏற்றினர். அவற்றைக்கொண்டு 16 பேர் கை கழுவினர். கழுவிய பின் அவர்களுடைய கைகளில் அக்கிருமிகள் கண்டறியும் அளவில் இல்லை.

இதற்குக் காரணம் சோப்பு வேலை செய்யும் முறையிலேயே உள்ளது. சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை எண்ணெய்ப் பசையை நாடும். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையிலேயே அழுக்கும் கிருமியும் ஒட்டியிருக்கின்றன. சோப்பு அப்பசையைச் சூழ்ந்து சிறு துளிகளாகப் பெயர்த்தெடுக்க, தண்ணீர் அடித்துச் செல்கிறது. கொழுப்புறை உடைய வைரஸ்களின் உறையையும் அது குலைத்துவிடுகிறது. இந்தப் பண்பு கட்டியின் பருமனைப் பொறுத்ததன்று. நேற்றுப் பிரித்த நூறு கிராம் கட்டிக்கும் நகத்தளவு தேய்ந்த துண்டுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. துண்டு உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய பெட்டியில் குழைந்து, அடியில் கூழ் படிந்து கிடக்கும் சோப்பை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கிருமிகள் வளர ஈரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கைத்தூய்மை நெறிமுறைகளும், கட்டிச் சோப்புப் பயன்படுத்தும் இடங்களில் சிறு கட்டிகளை, நீர் வடியும் தாங்கிகளில் வைக்குமாறே கூறுகின்றன. சிறிய கட்டி விரைவில் உலரும் என்பது இதன் உட்பொருள். நாம் மட்டமாக எண்ணும் சிறு துண்டுக்கு இவ்வகையில் ஒரு சிறப்பும் உண்டு.

கரைத்து வைப்பதில் நமக்கு உடன்பாடில்லை

சோப்புத் துண்டுகளைச் சேர்த்துச் சீவி, வெந்நீரில் கரைத்து, புட்டியில் ஊற்றித் திரவச் சோப்பாகப் பயன்படுத்துமாறு பலரும் யோசனை கூறுவதுண்டு. உடல்நலத்தோடு இருப்போர் உள்ள வீட்டில் இது செய்யத்தக்கதாகத் தோன்றலாம். நோயாளி இருக்கும் வீட்டில் இதனை நாம் ஏற்கவில்லை.

கடையில் விற்கும் திரவச் சோப்பில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள்கள் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் கரைத்த நீரில் அவை போதிய அளவில் இரா. நீர்த்த சோப்புநீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தழைத்து வளரக்கூடும். மேலே மேலே நிரப்பும் புட்டிகளில் இந்த இடர் இன்னும் மிகுதி. அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இவ்வாறு மாசடைந்த திரவச் சோப்பால் கை கழுவிய மாணவர்களையும் பணியாளர்களையும் ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. கழுவுவதற்கு முன் இருந்ததைவிடக் கழுவிய பின் அவர்களுடைய கைகளில் ஒருவகைக் கிருமிகள் 26 மடங்கு பெருகியிருந்தன. கட்டிச் சோப்பின் மேல் இருந்த கிருமி கையில் தங்கவில்லை. கெட்டுப்போன திரவச் சோப்பின் கிருமி தங்கியது. நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப் போடுபவரோ, கீமோதெரபி பெறுபவருக்கு உணவு சமைப்பவரோ, டயாலிசிஸ் குழாய் பொருத்தியவரை உடனிருந்து கவனிப்பவரோ இந்த இடரை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கரைத்துத்தான் ஆக வேண்டுமெனில், அன்றைய தேவைக்கு மட்டும் கொதித்தாறிய நீரில் கரைத்து, அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது. பாத்திரத்தைக் கழுவிக் காயவைக்காமல் மீண்டும் நிரப்பவும் கூடாது.

செய்யத் தக்கவை

துண்டைத் துண்டாகவே, உலர்ந்த நிலையிலேயே பயன்படுத்துவதற்கு எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, புதுக் கட்டியோடு ஒட்டுவது. நம் தாய்மாரும் பாட்டிமாரும் காலங்காலமாகச் செய்துவருவது இது. புதுச் சோப்பில் பெயர் பொறித்த பக்கம் பெரும்பாலும் சற்றுக் குழிந்திருக்கும். குளித்து முடித்ததும் இரண்டும் ஈரமாக இருக்கும்போது தேய்ந்த துண்டை அக்குழியில் வைத்து அழுத்தி, இரவு முழுவதும் உலர விட்டால் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வகைச் சோப்பாக இருப்பின் ஒட்டு உறுதியாக நிற்கும். வெடித்துக் காய்ந்த துண்டை முதலில் சற்று நேரம் நனைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வலைப்பையில் இட்டுத் தொங்கவிடுவது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இதனையே நாம் முதன்மையாகப் பரிந்துரைக்கிறோம். வெங்காயம் வரும் நைலான் வலைப்பையை நன்கு அலசிக் காயவைத்து, கையளவு வெட்டி, மூன்று நான்கு துண்டுகளை உள்ளே இட்டு வாயை நூலால் கட்டிவிடலாம். குழாயடியிலோ தண்ணீர்த் தொட்டியருகிலோ ஆணியில் மாட்டினால், பையை எடுக்காமலே கையை அதில் தேய்த்து நுரை எடுக்கலாம். நீர் உடனே வடிந்துவிடும், காற்றுப்படும், விரைவில் உலரும். காக்கை கொத்திச் செல்லாது, எலி கரும்பாது. தோட்டத்துக் கழிவறைக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, நோயாளியின் அறை வாசலுக்கு ஒன்று என நான்கு பைகளை எண்பது கிராம் மீந்த துண்டுகளைக்கொண்டு நிரப்பிவிடலாம்.

வலைப்பையால் மற்றொரு நன்மையும் உண்டு. தேய்ந்த துண்டு கையிலிருந்து எளிதில் வழுக்கும். ஈரத் தரையில் விழுந்த துண்டை எடுக்கக் குனியும் முதியவர் சாய்ந்து விழுகிறார். அல்லது அதன்மேல் கால் வைத்துச் சறுக்குகிறார். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை என்பதை எலும்புமுறிவுப் பிரிவில் உடனிருந்த குடும்பத்தினர் நன்கு அறிவர். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கும், கைநடுக்கம் உள்ளவருக்கும், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கும் வழுக்கும் சோப்பைப் பிடிப்பதே பெரும்பாடு. மார்பளவு உயரத்தில் தொங்கும் பையை ஒரு கையாலேயே தேய்த்துக்கொள்ள முடியும். பிறர் உதவியின்றித் தம் கையைத் தாமே கழுவிக்கொள்வது அவர்களுக்கு ஒரு தெம்பைத் தரும்.

மூன்றாவது, கொட்டாங்குச்சித் தாங்கி. கண் உள்ள பாதியை எடுத்து, கண்ணில் துளையிட்டு, அடியில் சிறிது தேங்காய் நாரைப் பரப்பி அதன்மேல் துண்டை வைக்கலாம். தண்ணீர் துளைவழியே இறங்கிவிடும். வாரத்துக்கொருமுறை நாரை மாற்றி, கொட்டாங்குச்சியை வெயிலில் காயவைப்பது நல்லது.

நான்காவது, உலர்த்திச் சேமிப்பது. நன்கு காய்ந்த சோப்பு நெடுநாள் கெடாது. மூடியுள்ள டப்பாவில் துண்டுகளைச் சேர்த்து உயரமான இடத்தில் வையுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை பெய்ததையும், தென்பெண்ணையின் வெள்ளம் விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. கடை திறக்காத, சாலை துண்டிக்கப்பட்ட, சேறு படிந்த அந்த நாள்களில்தான் வயிற்றுப்போக்கும் சேற்றுப்புண்ணும் பரவ வழியுண்டு. அப்போது டப்பாவில் இருக்கும் பத்துத் துண்டுகள் ஒரு குடும்பத்தின் கையிருப்பு மருந்துக்கு ஒப்பாகும்.

நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. அந்நீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகிவிடுவதால் நுரை எழுவதில்லை; சோப்பும் விரைவில் தீர்கிறது. இது துண்டின் குறையன்று. நோயாளியருகே கை கழுவுவதற்கு மட்டுமாவது மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ தனிக் குடத்தில் எடுத்து வைத்தால் சிறு துண்டும் நன்கு நுரைக்கும்.

செய்யத் தகாதவை

சிக்கனம் நோயாளிக்குக் கேடாக முடியலாகாது. ஆகவே சில எல்லைகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது.

தோல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சோப்பின் துண்டை வீட்டுச் சோப்போடு சேர்க்காதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் சோப்பு அந்த நோயாளிக்கு மட்டுமே உரியது. சொறி, சிரங்கு, சீழ்வடியும் புண் உள்ளவர் குளிக்கும் சோப்பும் தனியே இருக்கட்டும். அதன் மீந்த துண்டைப் பிறர் பையில் இட வேண்டா.

துணிச் சோப்புத் துண்டையும் பாத்திரச் சோப்புத் துண்டையும் கை கழுவும் பையில் கலக்காதீர்கள். தொடர்ந்து பயன்படுத்தினால் தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த தோலே கிருமிக்கு வாயில். துணிச் சோப்புத் துண்டுகளைத் தனியே சீவி, படுக்கையில் இருப்போரின் விரிப்புகளை ஊறவைக்கப் பயன்படுத்தலாம்.

எந்தச் சோப்பையும் புண்ணின்மேல் நேரடியாகத் தேய்க்காதீர்கள். புண்ணை எதனால் கழுவ வேண்டும் என்பதை மருத்துவரும் செவிலியரும் கூறுவர். சோப்பு, கட்டுப் போடுபவரின் கைக்கே உரியது. நீரிழிவு நோயாளியின் மெலிந்த தோலிலும், படுக்கைப்புண் வரக்கூடிய இடங்களிலும் வலைப்பையையோ பீர்க்கங்கூட்டையோ கொண்டு தேய்க்கவும் கூடாது.

சிறு துண்டுகளைத் தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மிட்டாய் என எண்ணி வாயில் இட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைக்கும் அளவே அத்துண்டுக்கு உண்டு.

மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாள்களில் அடுத்த கட்டிலாரின் சோப்பை வாங்கிப் பயன்படுத்துவதும், பொதுக் குளியலறையில் யாரோ விட்டுச்சென்ற துண்டை எடுப்பதும் வேண்டா. ஒரு குடும்பத்துக்குள் பகிர்வது வேறு. பல்வேறு நோயாளிகள் கூடும் இடத்தில் பகிர்வது வேறு.

இது கருமித்தனமா?

தேய்ந்த துண்டைச் சேர்த்து வைப்பதை ஏழ்மையின் அடையாளமாகக் கருதிக் கூச்சப்படுவோர் உண்டு. நோயாளியைக் காண உறவினர் வரும் வேளையில் பழைய துண்டை மறைத்துப் புதுச் சோப்பை எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு. அக்கூச்சத்துக்கு இடமில்லை என்று காட்ட, உலகின் வேறோர் இடத்தில் நடப்பதைக் கூற விரும்புகிறோம்.

உகாண்டாவில் பிறந்த டெரெக் கயோங்கோ, சோப்புத் தயாரித்த ஒருவரின் மகன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் தங்கியபோது, ஒருமுறை பயன்படுத்திய சோப்பு அன்றாடம் அகற்றப்பட்டுப் புதியது வைக்கப்படுவதைக் கண்டார். அவ்வாறு கழியும் சோப்புகளைத் திரட்டும் அமைப்பு ஒன்றை 2009இல் அட்லாண்டா நகரில் தொடங்கினார். அதே ஆண்டில் ஆர்லாண்டோ நகரில் 'கிளீன் தி வேர்ல்ட்' என்னும் அமைப்பும் தோன்றியது. அதன் நிறுவனர்கள் முதலில் ஒரு கார் கொட்டகையில் அமர்ந்து, காய்கறி சீவும் கருவியால் சோப்பின் மேற்பரப்பைச் சீவி, அரைத்து, காய்ச்சி, புதுக் கட்டிகளாக வார்த்தனர். மும்பையில் 'சுந்தரா' என்னும் அமைப்பு உள்ளூர்ப் பெண்களைக்கொண்டு இதே பணியைச் செய்திருக்கிறது. முன்பின் அறியாதவர் பயன்படுத்திய சோப்பு என்பதால் சீவுதலும் கிருமி நீக்குதலும் அங்கே தேவைப்படுகின்றன. நம் வீட்டுத் துண்டுக்கு உலர்த்துதலே போதும். செல்வம் மிகுந்த நகரங்கள் இயந்திரம் வைத்துச் செய்யும் வேலையை நம் வீட்டுப் பெண்கள் ஓசையின்றிச் செய்து வந்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வாங்கும்போதே சிறிது கவனித்தால் வீண் இன்னும் குறையும். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரச் சோப்புக்கு அது 76 விழுக்காடாவது இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேதிங் பார்' என்று அச்சிட்டவற்றுக்கு 40 இருந்தாலே போதும். நறுமணத்தையும் விளம்பரத்தையும் விட இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது.

துண்டைக் காப்பது ஒரு பாதி. கையைக் கழுவுவது மறுபாதி. நனைத்து, நுரை எழத் தேய்த்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், புறங்கை ஆகிய இடங்களை விடாமல் 20 விநாடியேனும் தேய்த்த பின் அலச வேண்டும். அலசிய கையை முந்தானையிலோ லுங்கியிலோ துடைத்தால் பட்ட பாடு வீணாகும். துவைத்துக் காய்ந்த சிறு துண்டை வலைப்பைக்கு அருகிலேயே மாட்டி வையுங்கள். சானிடைசர் கைவசம் இருப்பினும், கையில் மலம், சேறு, எண்ணெய் எனக் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருக்கும்போது சோப்பும் தண்ணீருமே வேலை செய்யும்.

வீட்டுத் தலைவர்களான ஆண்களுக்கும் ஒரு சொல். சோப்பைச் சேர்ப்பதும் பை தைப்பதும் பெண்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். நோயாளியின் வாசலில் ஓர் ஆணி அடிப்பதும், குழாயடியில் ஒரு கயிறு கட்டுவதும், வயலிலிருந்து வந்ததும் அங்கே முதலில் கை கழுவிக் காட்டுவதும் உங்கள் பங்காக இருக்கட்டும். பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. இன்று மாலை உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து, கை கழுவ வேண்டிய இடங்களை எண்ணுங்கள். அவற்றுள் எத்தனை இடங்களில் சோப்பு இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள குறையை, குளியலறைத் திண்டில் கிடக்கும் துண்டுகளைக்கொண்டு நிரப்புங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது, எத்தனை பைகள் கட்டினீர்கள் என்று செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் மகிழ்வார்.